மடகாஸ்கர்ல கல்லறை திறக்குற விசேஷத்துக்குக் கூப்பிட்டிருக்காங்க, போலாமா?

ஏற்காடு_சிஸ்டர்:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நாங்க ஏற்காடுங்க, வீட்டுக்காரரும் நானும் மடகாஸ்கர்ல ஆன்ட்சிராபேல ஊழியத்துல இருக்கோம், லீவுக்கு வந்திருக்கோம், ஜூன்ல திரும்பணும். அந்த ஊரும் நம்ம மலையாட்டமே கிட்டத்தட்ட 1500 மீட்டர் உயரம், மூணு வேளையும் சோறுதான், அதனால குளிரும் சாப்பாடும் பழகிருச்சு. இப்ப பக்கத்து வீட்டம்மா ஆகஸ்ட்ல குடும்பக் கல்லறையத் திறக்கறாங்களாம், ஃபமதிஹானாம்பாங்க, சில வருஷத்துக்கொரு தடவ முன்னோர் எலும்பை வெளிய எடுத்து புதுத்துணி சுத்தி, பேண்டு வாசிக்க தோள்ல தூக்கிட்டு கல்லறையச் சுத்தி ஆடறது. அந்தம்மா ஞாயிறு தவறாம சர்ச்சுக்கு வர்றவங்க. நான் காய்ச்சல்ல கெடந்தப்ப சட்டியில அடிப்பிடிச்ச சோத்துல தண்ணி ஊத்திக் கொதிக்கவெச்சு அந்தத் தண்ணிய சூடா கொண்டாந்து குடுத்தாங்க, அங்க தினமும் குடிக்கிறதே அதுதான். போகலைன்னா அவங்க மனசு நொந்துரும், போனா இங்க சபையில என்ன பேசுவாங்களோன்னு இவரு யோசிக்கறாரு.

அம்மாபேட்டை_விசுவாசி:
சிஸ்டர், போகாதீங்க. அங்க செத்தவங்ககிட்ட ஆசீர்வாதம் கேக்கறாங்க, குழந்தை வேணுங்கறவங்க பொணத்தைச் சுத்தியிருந்த பழைய பாயில ஒரு துண்டை எடுத்துட்டுப் போய் படுக்கையில வெக்கறாங்க. செத்தவங்ககிட்ட கேக்கக்கூடாதுன்னு பைபிள்ல உபாகமம் 18ல இருக்கு, படிங்க. அந்த நாட்டுலயே நிறைய சுவிசேஷ சபைங்க இதை விட்டுட்டாங்க, நீங்க போய் நின்னா அப்படி விட்டவங்களுக்கு இடறலாயிரும், அவங்க விசுவாசமே தடுமாறிரும். அந்தம்மா மேல பாசம் இருந்தா வேற நாள்ல வீட்டுக்குப் போய் ஜெபம் பண்ணுங்க.

சூரமங்கலம்_ஆர்சி:
பிரதர் சொல்ற அந்தப் பாய் விஷயம் எனக்கும் ஒப்பாதுதான். ஆனா யோசேப்போட எலும்பை எகிப்துலேர்ந்து மோசே தூக்கிட்டுப் போனதும் வேதத்துலதானே இருக்கு. நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு சேலத்துல நாம என்ன பண்றோம், சுண்ணாம்படிச்சு மாலை போட்டு மெழுகுவத்தி ஏத்தி அப்பன் பாட்டன் பக்கத்துல உக்காந்து அழுறோம், பேசறோம். அங்க துணி சுத்துன எலும்பை மடியில வெச்சுட்டு, பேத்திக்குக் கல்யாணமாச்சு, உங்களுக்குக் கொள்ளுப்பேரன் பொறந்திருக்கான்னு சொல்லுவாங்க. நான் அங்க இருந்த காலத்துல பக்கத்துல நின்னு பாத்திருக்கேன், பயமுறுத்தற மாதிரி ஒண்ணுமே இல்ல. கத்தோலிக்க சபை இதைப் பண்பாடுன்னு ஏத்துக்குது.

இன்னொண்ணு. நம்ம சேலத்துக்கு 1827ல வந்த அதே லண்டன் மிஷன்தான் அங்க 1818ல போய் இறங்குச்சு. அந்த நாட்டு மலகாசி பாஷையில முழு பைபிள் அச்சான அதே 1835லதான் ராணி ரனவலோனா கிறிஸ்தவத்தையே தடை பண்ணாங்க, மிஷனரிங்க கிளம்பிட்டாங்க, எத்தனையோ பேர் உயிரை விட்டாங்க. 1861ல ராணி சாகற வரைக்கும் விசுவாசத்தைக் காப்பாத்துனது அந்த ஊர் ஜனங்க. அவங்களுக்கு எது சாமி காரியம் எது குடும்பக் காரியம்னு நல்லாவே தெரியும். அதனால இங்க கேக்கறதை விட அங்க உங்க சபை மூப்பருங்ககிட்ட கேளுங்க. எங்க நிக்கணும், எப்ப ஒதுங்கணும்னு அவங்களே சொல்லுவாங்க.

போனா கல்லறையை விரல் நீட்டிக் காட்டிராதீங்க, விலக்கு. விரலை மடக்கி மூட்டாலதான் காட்டணும். ரம் குடுத்தா வேண்டாம்னு சிரிச்சுட்டே சொல்லுங்க. சாப்பாட்டுக்கு மட்டும் கண்டிப்பா உக்காருங்க, கொழுப்பு மிதக்கற கறியும் சோறும், அதை வேண்டாம்னாதான் வருத்தப்படுவாங்க.

நர்ஸ்_அஸ்தம்பட்டி:
அக்கா, அந்த மலைப்பகுதியில பிளேக் இன்னும் இருக்கு, 2017ல பெரிசா பரவுச்சு. பிளேக்ல செத்தவங்களைத் திரும்பத் திறக்கற கல்லறையில வெக்கக்கூடாதுன்னு அங்க விதியே இருக்கு. யார் யாரை வெளிய எடுக்கறாங்கன்னு முன்னாடியே கேட்டுக்கோங்க. நீங்க கைல தொட வேண்டாம், அவ்ளோதான்.

ஏற்காடு_சிஸ்டர்:
எல்லாருக்கும் நன்றிங்க. அம்மாபேட்டை அண்ணா, அந்த இடறல் விஷயம் இவருக்கும் மனசுல பட்டுருச்சு, திரும்புனதும் மொதல்ல மூப்பருங்களைப் பாக்கறோம். அவங்க சரின்னா நான் சமையல் பக்கம் போய் பாத்திரம் கழுவ நிப்பேன், எலும்பு எடுக்கற நேரம் தள்ளி நிப்போம். வர்றவங்க கவர்ல காசு வெச்சுக் குடுப்பாங்களாமே, சூரமங்கலம் அக்கா, எவ்ளோ வெச்சா மரியாதையா இருக்கும்?