எழுத்து இடவலம் மாறிப் பதிந்த நாணயம்: அச்சுப்பிழையா, சேதமா?

கேள்வி:
பழைய நாணயங்களைப் பிரித்து அடுக்கும்போது இரண்டு மட்டும் வித்தியாசமாகப் பட்டன. ஒன்றில் தலைப்பக்கத்தின் மேல் எழுத்துகள் குழிந்து, இடவலம் மாறிப் பதிந்திருக்கின்றன. மற்றதில் விளிம்பில் பிறை வடிவில் ஒரு துண்டு இல்லை. இவை நாணயச்சாலையில் நேர்ந்த பிழைதானா? எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்:
முதல் நாணயத்தில், குழிந்த எழுத்துகளுக்கு அடியில் பழைய உருவம் நசுங்கியாவது தெரிகிறதா? பின்பக்கம் எப்படி இருக்கிறது?

ஏன் கேட்கிறேன் என்றால், அடித்த நாணயம் சில சமயம் வெளியே விழாமல், உருவத்தைப் பதிக்கும் இரண்டு அச்சுகளில் ஒன்றிலேயே ஒட்டிக்கொள்ளும். அடுத்த வெற்று வில்லை (இன்னும் உருவம் பதியாத வட்டத் துண்டு) அதன்மேல் அடிபடும். உதாரணமாக, பின்பக்க அச்சில் ஒட்டியிருந்தால் நமக்குத் தெரிவது அதன் தலைப்பக்கம். ஆகவே புது வில்லையின் ஒரு பக்கம் தலை ஒழுங்காகப் புடைத்து விழும். மறுபக்கமும் அதே தலைதான், ஆனால் குழிந்து, இடவலம் மாறி. பின்பக்க அச்சு அதைத் தொடவே இல்லை, அதனால் அந்த உருவத்தின் சாயலும் இருக்காது.

கேட்டவர்:
லென்ஸில் பார்த்தேன். எழுத்துகளுக்கு இடையே முகத்தின் மூக்கும் தாடையும் தட்டையாகத் தெரிகின்றன. பின்பக்கத்தில் மேடான இடங்கள் மட்டும் மழுங்கிப் பளபளக்கின்றன.

பதில்:
அப்படியானால் சந்தேகமே வேண்டாம், சேதம்தான். இரண்டு நாணயங்களைச் சேர்த்து வைஸில் (பட்டறையில் பொருளை இறுக்கிப் பிடிக்கும் கருவி) இறுக்கியிருக்கிறார்கள். முழுசாக அடித்து முடிந்த நாணயத்தின் மேல் பதிந்ததால்தான் மூக்கு மிஞ்சியிருக்கிறது. பின்பக்கம் மழுங்கியது வைஸின் பிடியில்.

இன்னொருவர்:
இரண்டாவதற்கு, துண்டு இல்லாத இடத்துக்கு நேர் எதிர் விளிம்பைப் பாருங்கள். வில்லைகளை வெட்டியெடுக்கும் தகட்டில் ஏற்கெனவே வெட்டிய ஓட்டையின் மேல் வெட்டுக்கருவி மறுபடி இறங்கினால்தான் இப்படிப் பிறை குறையும். பிறகு அந்த வில்லை விளிம்பு எழுப்பும் எந்திரத்தில் உருளும்போது குறையுள்ள பக்கம் எதிர் அழுத்தம் தராது. எதிர்ப்பக்க விளிம்பும் சரியாக எழும்பாமல் மங்கிப் போகும். எல்லாவற்றிலும் இந்த மங்கல் வராது, அதனால் அது இல்லை என்பதற்காக மட்டும் பிழையல்ல என்று தள்ளிவிடாதீர்கள். பிறையை ஒட்டிய எழுத்தையும் கவனியுங்கள். அசலில் அது இழுபட்டு மெலியும். பின்னால் அறுத்ததில் எழுத்து கூர்மை மாறாமல் பாதியில் நிற்கும், அரத்தின் கோடுகளும் தெரியும்.

அப்புறம் எடை. 0.01 கிராம் வரை காட்டும் தராசு போதும். போன துண்டுக்கு மேல் எடை குறைந்து, உருவம் முழுக்க ஒரே சீராக மெலிந்திருந்தால் அமிலத்தில் ஊறியிருக்கலாம்.

கேட்டவர்:
எதிர் விளிம்பு நிஜமாகவே மங்கியிருக்கிறது! பக்கத்து எழுத்தும் பிறையை நோக்கி இழுபட்டிருக்கிறது. சுத்தமாகத் துடைத்துப் படம் எடுக்கட்டுமா?

இன்னொருவர்:
நல்ல அறிகுறிகள். ஆனால் துடைக்காதீர்கள், மேற்பரப்பு கெட்டுவிடும். வெளிச்சத்தைச் சாய்வாக விழவிட்டு பிறையின் வெட்டு முகத்தைப் படமெடுத்துப் போடுங்கள். அதன் நிறம் மற்ற விளிம்போடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.