சீரியல் லைட் அம்மன் படத்தில் ஒரு பக்கம் மட்டும் இருட்டு, கேமரா போய்விட்டதா?

கொருக்குப்பேட்டை வாசி:
தண்டையார்பேட்டையில் ஆயா வீட்டுத் தெரு அம்மன் கோவிலில் போன ஞாயிறு கூழ் வார்த்தார்கள். ராத்திரி தெருமுனையில் இரண்டு மாடி உயரத்துக்கு சீரியல் லைட்டில் அம்மன் கட்அவுட். அதன் முன்னால் ஆயா மாவிளக்குத் தட்டோடு நிற்பதை எடுக்கப் போய் மொத்தமும் சொதப்பல்.

பழைய கேனான் 1300டி, கூடவே வந்த 18-55 லென்ஸ். ஆயாவுக்குக் கை நடுங்கும் என்பதால் ஷட்டர் 1/500 நொடி, ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்திறன்) 6400. அடுத்தடுத்து எடுத்த ஆறு படங்களில் இரண்டில் அம்மனுக்கு இடது பக்கம் இருட்டு. ஒன்றில் கிரீடத்தையே காணோம். போன் வீடியோவில் கறுப்புக் கோடுகள் மெல்ல மேலே ஏறுகின்றன. சர்வீஸ் கடையில் காட்டினால் ஷட்டர் போச்சு, மாற்றணும் என்கிறார்கள். உண்மையா?

மூலக்கொத்தளம்:
ஷட்டருக்கு ஒன்றும் ஆகவில்லை தலைவா, காசை வீணாக்காதீர்கள். நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், நொடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாகத் திசை மாறி ஓடும். அதில் எரியும் எல்.இ.டி நொடிக்கு 100 முறை மங்கி மங்கி எரியும். கண்ணுக்குத் தெரியாது, 1/500க்குத் தெரியும். அந்த வேகத்தில் ஷட்டர் முழுதாகத் திறக்காது, ஒரு சின்ன இடுக்குதான் சென்சார் (படம் பதியும் தகடு) மேல் மேலும் கீழுமாக ஓடும். இடுக்கு ஓடும்போது விளக்கு மங்கினால் அந்த இடம் இருட்டு. உயரமான கட்அவுட் என்று கேமராவைச் செங்குத்தாகத் திருப்பிப் பிடித்திருப்பீர்கள், அதனால்தான் இருட்டு பக்கவாட்டில் விழுந்திருக்கிறது. 1/100 வையுங்கள், ஒரு மங்கல் முழுதும் அதற்குள் அடங்கிவிடும்.

லைட் செட்டிங்:
1/100 எல்லாச் சரத்துக்கும் ஒத்துவராது. மலிவான சரத்தில் ரெக்டிஃபையர் (கரண்டை ஒரே திசைக்குத் திருப்பும் பாகம்) இருக்காது. எல்.இ.டி கரண்டை ஒரு திசையில்தான் விடும், அதனால் பாதி நேரம் அணைந்தே கிடக்கும். நொடிக்கு 50 முறைதான் எரியும். 1/100 வைத்தால் அணைந்த பாதியில் மாட்டிக்கொள்ளலாம். 1/50 வைத்தால் இரண்டு வகைக்கும் சரி.

கிரீடம் காணாமல் போனது வேறு கதை. அது சேஸர். சரங்களை நாலைந்து லைனாகப் பிரித்து கன்ட்ரோல் பெட்டி மாற்றி மாற்றி எரிய வைக்கும். நீங்கள் அமுக்கிய நேரத்தில் கிரீட லைன் ஆஃப். எங்க அப்பா தொழில் பண்ணியபோது இதே வேலையை மோட்டாரில் சுற்றும் உருளை பார்த்தது. பக்கத்தில் நின்றால் கடகடவென்று காதைத் துளைக்கும். ஆனால் அப்போது குண்டு பல்பு, இழை ஆறுவதற்குள் அடுத்த கரண்ட் வந்துவிடும். இந்த இருட்டுத் தொல்லை அந்தப் படங்களில் இல்லை.

கொருக்குப்பேட்டை வாசி:
நன்றி அண்ணா. ஆனால் 1/50 வைத்தால் ஆயா படத்தில் கலங்கலாக விழுவாரே? முகமும் கறுப்பு, பின்னால் அம்மன் வெளுத்துப்போய் நிற்கிறாள்.

காசிமேடு கேமராக்காரி:
தட்டைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னால் கை நடுங்கத்தான் செய்யும். ஒரு நாற்காலி முதுகில் ஊன்றச் சொல்லுங்கள், மாவிளக்கு நெஞ்சுக்கு நேராக இருக்கட்டும். முகத்துக்கு அந்த வெளிச்சம் போதும். நெய்த்திரிக்கு 50, 100 கணக்கெல்லாம் கிடையாது, ஒரே சீராக எரியும். நீங்கள் இரண்டடி தள்ளி நின்று கட்அவுட்டை ஆயா தோளுக்குப் பின்னால் ஓரமாகக் கொண்டுவாருங்கள். நடுவில் வந்தால் கேமரா அம்மனைப் பார்த்து ஆயாவை விட்டுவிடும்.

நேரமும் முக்கியம். ஆடியில் சூரியன் ஆறரை மணி வாக்கில் இறங்கும். அதற்கப்புறம் கால் மணி நேரம் கழித்துக் கொஞ்ச நேரம் வானம் கருநீலமாக இருக்கும், அப்போதே சீரியல் லைட் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். ராத்திரி ஒன்பதுக்கு வானம் வெறும் கரி. நீலமும் சிவப்பும் சீக்கிரம் தீய்ந்து தட்டையாகிவிடும், அதனால் எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் வெளிச்சத்தை) ஒரு படி குறைத்து ரா ஃபைலில் (கேமரா மெருகேற்றாத மூலப்படம்) எடுங்கள். நம் பக்கம் கடல்காற்றில் அரை மணி நின்றாலே லென்ஸில் பிசுக்கு ஏறும், அதையும் துடையுங்கள். நான் பாதி நாள் மறந்துவிட்டு வீட்டில் வந்து தலையில் அடித்துக்கொள்வேன்.

கொருக்குப்பேட்டை வாசி:
வெள்ளிக்கிழமை மறுபடி போனேன். 1/50, ஐஎஸ்ஓ 1600, அபர்ச்சர் (லென்ஸ் திறப்பு) 3.5. எட்டில் மூன்று படம் தேறியது, ஒன்றில் ஆயா கண் மூடியிருந்தால்கூட முகத்தில் மஞ்சள் வெளிச்சம் அப்படியே இருக்கிறது. கிரீடத்துக்காக லைட்காரரிடம் போய்க் கேட்டேன். "இதுக்கா தம்பி இவ்ளோ நேரம் நின்னே?" என்று பெட்டியில் ஒரு பட்டனை அமுக்கினார். ஓட்டம் நின்று எல்லாம் ஒன்றாக எரிந்தது. டீக்குக் காசு கொடுத்தால் வாங்கவில்லை.

போன் வீடியோவில் மட்டும் இன்னும் கோடு.

லைட் செட்டிங்:
போன் கேமரா செட்டிங்கில் ஃபிளிக்கர் என்று ஒன்று இருக்கும். 60இல் கிடந்தால் 50க்கு மாற்று.

கொருக்குப்பேட்டை வாசி:
60தான் அண்ணா. மாற்றிவிட்டேன், கோடு போய்விட்டது.