குளிர்கடலில் முங்கும்போது கால் விறைக்குதா? அவரவர் அனுபவம் சொல்லுங்க

கடியப்பட்டணத்தான்:

மக்களே, சின்ன வயசில் கடியப்பட்டணம் பாறையில் சிப்பி எடுக்க முங்கி வளர்ந்தவன் நான். ஆனி ஆடியில் தண்ணி குளிர்ந்து கிடக்கும். ஆனா கரையேறி வெயில் பட்ட மணலில் காலைப் புதைச்சு உட்கார்ந்தா அஞ்சு நிமிஷத்தில் சரியாயிடும். அதனால காலுக்கும் குளிருக்கும் சம்பந்தம் உண்டுன்னே யோசிச்சதில்லை.

மூணு வருஷமா நார்வேயில் பெர்கன் பக்கம் கப்பல் பழுதுபார்க்கிற வேலை. லீவு நாளில் ஸ்கூபா முங்குகிறேன். கை, தலை, கழுத்து பற்றியெல்லாம் இங்கே அக்கறையா சொல்லித் தந்தாங்க. காலைப் பற்றி யாரும் பேசலை. நான் பட்டதைச் சொல்லிடுறேன்.

போன வருஷம் பிப்ரவரி. தண்ணி 5 டிகிரி. டிரை சூட்டுக்குள்ள (தண்ணி புகாத, உள்ளே காற்று நிற்கிற முங்கல் உடுப்பு) காட்டன் சாக்ஸ் ஒண்ணு, அதுக்கு மேல தடிச்ச சாக்ஸ் ரெண்டு. எத்தனை அடுக்கு போடுறோமோ அத்தனை சூடுன்னு நம்பி, பூட்ஸுக்குள் காலைத் திணிச்சேன். கால் மணி நேரத்தில் சுண்டுவிரல் மரத்தது. இன்னும் பத்து நிமிஷத்தில் பாதமே தெரியலை. ஃபின், அதான் காலில் மாட்டுற துடுப்பு, அசையுதா இல்லையான்னு திரும்பிப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

காலைக் கொஞ்சம் மேலே தூக்கினா சூட்டுக்குள்ள இருக்கிற காற்று அங்கே போய் கதகதப்பா இருக்கும்னு தோணிச்சு. தூக்கினேன். காற்று மொத்தமும் பாதத்துக்கு ஓடி, பூட்ஸ் பலூன் மாதிரி வீங்கிப் போச்சு. தலை கீழே, கால் மேலே, அப்படியே ஏற ஆரம்பிச்சேன். காற்றை வெளியேற்றுற வால்வு தோளில் இருக்கு. கால் மேலே இருந்தா அது வேலை செய்யாது. 9 மீட்டரில் இருந்ததால பிழைச்சேன். பயிற்சியில் சொன்னது ஞாபகம் வந்து, முழங்காலை நெஞ்சோடு சேர்த்து உருண்டு நிமிர்ந்து காற்றை வெளியே விட்டேன். கூட வந்தவர் என் கையைப் பிடிச்சுக்கிட்டார். அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரலை.

அப்புறம் உட்கார்ந்து யோசிச்சதில் புரிஞ்சது இதுதான். தண்ணிக்குள்ள நேரா நின்னா தோளைவிடப் பாதம் ஒன்றரை மீட்டர் ஆழத்தில் இருக்கு. அங்கே அழுத்தம் கூடுதல். சூட்டில் இருக்கிற காற்று மேலே தோளுக்குப் போயிடும், கால் பக்கம் சூட் ஒட்டி இறுகும். சாக்ஸ் நசுங்கும். நமக்குச் சூடு தர்றது நூலில்லை, நூலுக்கு நடுவில் தங்கியிருக்கிற காற்று. அது போனா மூணு சாக்ஸும் வெறும் துணிதான். இறுக்கம் ரத்த ஓட்டத்தையும் மறிச்சிடும். ஏற்கனவே குளிர் வந்தா உடம்பு நெஞ்சையும் வயிற்றையும் காப்பாற்ற கை காலுக்குப் போற ரத்தத்தைக் குறைச்சிடுது.

இப்போ பூட்ஸ் ஒரு நம்பர் பெரிசு. உள்ளே விரல் ஐந்தும் தாராளமா அசையணும், அதான் என் அளவுகோல். மெல்லிய மெரினோ கம்பளி சாக்ஸ் ஒண்ணு, அதுக்கு மேல தடிச்ச கம்பளி ஒண்ணு. காட்டன் கிட்டயே வராது. வியர்வையைக் குடிச்சு ஈரமாவே கிடக்கும். கரையில் வேறு சாக்ஸோட நடமாடி, சூட் மாட்டுறதுக்குக் கொஞ்சம் முன்னாடி காஞ்ச சாக்ஸ் மாற்றுறேன். தண்ணிக்குள்ள கிடைமட்டமா நீந்துறேன். காலைத் தூக்குறதும் இல்லை, நேரா தொங்க விடுறதும் இல்லை. முதல் தடவை 40 நிமிஷம் கழிச்சு ஏறி விரலை அசைச்சுப் பார்த்தேன். பத்தும் அசைஞ்சது. கண்ணு நிறைஞ்சுட்டு.

உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்க.

குளச்சல் கடற்கரை:

அண்ணே, படிக்கையில் உடம்பு நடுங்கிப் போச்சு. நான் இங்கே நம்ம கடலில்தான் முங்குறேன், வெட் சூட் மட்டும், அதான் உள்ளே தண்ணி புகுற ரப்பர் உடுப்பு. ‘கன்னியாகுமரியில் என்ன குளிர்’னு வெளியூர்க்காரங்க கேட்பாங்க. தென்மேற்குப் பருவக்காற்று நேரத்தில் கரையோரத்து மேல்தண்ணி வெளியே தள்ளப்பட்டு, அடியில் கிடந்த குளிர்தண்ணி மேலே ஏறிவரும். போன ஆவணிக் கடைசியில் ரெண்டு நாள் கடல் அடங்கிச்சு. மேலே வெதுவெதுப்பு. எட்டு பாகத்துக்குக் (ஒரு பாகம் ஏறக்குறைய ஆறடி) கீழே போனதும் திரை கிழிச்ச மாதிரி குளிர். கையில் கட்டின கம்ப்யூட்டர் 23 டிகிரி காட்டிச்சு. அண்ணனுக்கு அது வெயில்காலம். மெல்லிய சூட்டில் ஐம்பது நிமிஷம் கிடக்கிறவனுக்கு விறைக்க அது போதும்.

எனக்கு வந்தது பாதத்தில் பிடிப்பு. உள்ளங்காலில் வில் மாதிரி இழுத்துச்சு. ஃபின் பட்டையை இறுக்கினதும் குளிரும் சேர்ந்து செய்த வேலை. நின்னு, ஃபின் நுனியைப் பிடிச்சு என் பக்கமா இழுத்து வச்சேன், ஒரு நிமிஷத்தில் விட்டுது. அதுக்கப்புறம் பட்டையை ஒரு விரல் நுழையுற அளவுக்குத் தளர்த்தித்தான் போடுறேன்.

இன்னொண்ணு: 5 மில்லிமீட்டர் தடிமன் நியோப்ரீன் (காற்றுக்குமிழ் நிறைஞ்ச ரப்பர்) பூட்ஸ் போட்டும் கால் குளிர்ந்துகிட்டே இருந்தது. வெட் சூட்டின் கால் விளிம்பை பூட்ஸுக்குள்ள செருகியிருந்தேன். நீந்துறப்போ பூட்ஸ் வாய் புதுத்தண்ணியை அள்ளி அள்ளி உள்ளே விட்டுது. உடம்பு சூடாக்கின தண்ணி வெளியே, குளிர்தண்ணி உள்ளே. இப்போ சூட் விளிம்பு பூட்ஸுக்கு மேலே. காசு செலவில்லை, அன்னைக்கே வித்தியாசம் தெரிஞ்சது. வள்ளத்தில் ஏறும்போது பிளாஸ்கில் வெந்நீர் கொண்டுபோய், குதிக்கிறதுக்கு முன்னாடி பூட்ஸுக்குள்ள கொஞ்சம் ஊற்றிக்கிறதும் உண்டு.

மார்த்தாண்டத்துக்காரி:

தம்பிமாரே, வெந்நீர்னதும் எனக்கு எழுதாம இருக்க முடியலை. நான் ஸ்காட்லாந்தில் நர்ஸ். ஸ்காபா ஃபுளோவில் பல தடவை முங்கியிருக்கேன். முதல் உலகப்போர் முடிஞ்சு பிடிபட்டிருந்த ஜெர்மன் போர்க்கப்பல்களை, 1919 ஜூன் 21 அன்னைக்கு ஜெர்மன் மாலுமிகளே மூழ்கடிச்ச இடம். பெரிய கப்பல்கள் 30 மீட்டருக்கும் கீழே கிடக்கு. அந்த ஆழத்தில் அழுத்தம் மேலே இருக்கிறதுக்கு நாலு மடங்கு. நியோப்ரீனில் இருக்கிற காற்றுக்குமிழ் சுருங்கி, தடிமன் பாதிக்கும் கீழே போயிடும். அதனால அங்கே டிரை சூட்டுதான்.

எங்க கூட வந்த அண்ணன் ஒருத்தருக்குச் சர்க்கரை பத்து வருஷமா இருக்கு. மேலே ஏறி வந்ததும் கால் விறைச்சிருக்குன்னு பக்கெட்டில் வெந்நீர் ஊற்றிக் காலை வச்சார். சுடுதான்னு கேட்டோம், இல்லைன்னார். விரலில் கொப்புளம் வந்த பிறகுதான் தண்ணி எவ்வளவு சூடுன்னு எங்களுக்கே தெரிஞ்சது. புண் ஆற ரெண்டு மாசம் ஆச்சு. சர்க்கரை இருக்கிறவங்களுக்கு மட்டுமில்லை, மரத்த கால் யாருக்கும் சூடு சொல்லாது. குழந்தையைக் குளிப்பாட்டுறப்போ முழங்கையால பார்ப்போமே, அப்படிப் பாருங்க. இல்லை, காஞ்ச துண்டால துடைச்சு, கம்பளி போட்டுச் சுற்றி, சும்மா உட்காருங்க. குளிர்ந்து வெளிறி, பிறகு எரிச்சலும் வீக்கமும் மறுநாளும் போகலைன்னா மருத்துவரிடம் காட்டுங்க.

பாட்டரியில் சூடாகிற சாக்ஸ் பற்றிக் கேட்கிறவங்களுக்கு: நல்லதுதான், ஆனா அடியில் சூடா இருந்துட்டு ஏறுற நேரத்தில் பாட்டரி தீர்ந்து குளிர்ந்தா பெண்ட்ஸ், அதான் ஏறுறப்போ உடம்புக்குள்ள வாயுக்குமிழ் உண்டாகி வர்ற நோய், வர வாய்ப்புக் கூடுது. அமெரிக்கக் கடற்படையின் சோதனைப் பிரிவு 2007-இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியிருக்கு. அடியில் குறைச்சு வச்சு, ஏறுறப்போ கூட்டுறதுதான் முறை.

இன்னொரு விஷயம், பாதி குளிர் தண்ணியில் வர்றதில்லை. ரெண்டு முங்கலுக்கு நடுவில் படகோட இரும்புத் தளத்தில் நிற்கிறோமே, அங்கே வருது. நான் பழைய யோகா பாயை வெட்டிக் கொண்டுபோய் அதில்தான் நிற்கிறேன். தலைக்குத் தொப்பியும் போடுவேன். கூட்டாளிங்க ஆளுக்கொரு துண்டு வாங்கிக்கிட்டாங்க.

கடியப்பட்டணத்தான்:

அக்கா, ரொம்ப நன்றி. நானும் இரும்புத் தளத்தில்தான் நின்னுக்கிட்டிருந்தேன், யோசிக்கவே இல்லை.

அம்மை போனில் காலுக்குத் தேங்காய் எண்ணெய் தேய்ச்சிட்டு முங்குன்னு சொல்றாங்க. எங்க அப்பா காலத்தில் அப்படித்தான். டிரை சூட்டில் கழுத்திலும் மணிக்கட்டிலும் தண்ணியைத் தடுக்கிற லேடெக்ஸ் ரப்பருக்கு எண்ணெய் பகை, கிழிஞ்சு தண்ணி உள்ளே வந்துடும். கம்பளியில் எண்ணெய் ஏறினாலும் நல்லதில்லை. கரைக்கு வந்து துடைச்ச பிறகு தேய்க்கிறேன்னு சொன்னேன், சம்மதிச்சாங்க. பிளாஸ்கில் கருப்பட்டிக் காப்பியும் கொண்டு போறேன்.

பூட்ஸ் பெரிசாக்குறவங்களுக்கு ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். என் பழைய ஃபின் புது பூட்ஸுக்கு ஏறலை, பக்கவாட்டில் நசுக்கிச்சு. திரும்பவும் அதே விறைப்பு. ஃபின் வாங்கக் கடைக்குப் போறப்போ சாக்ஸும் பூட்ஸும் மாட்டிப் பார்த்து வாங்குங்க. சுருள்கம்பிப் பட்டை உள்ளதா எடுத்தா இறுக்கத்தைப் பற்றிக் கவலை குறையும். குளச்சல் தம்பி, வர்ற ஆவணியில் லீவுக்கு ஊருக்கு வர்றேன். அந்த எட்டுப் பாகக் குளிரை எனக்கும் காட்டணும்.