இரண்டடி தொட்டியில் எந்த மீன்களைச் சேர்த்து விடலாம்?

காரைக்குடி வீட்டில், வளவில் வெயில் படாத ஓரமாக 60 லிட்டர் தொட்டி வைத்திருக்கிறேன். போர் தண்ணீர், குடத்தில் வெள்ளையாக உப்புப் படியும். கப்பி, நியான் டெட்ரா, ஏஞ்சல், கோல்டு ஃபிஷ் எல்லாம் சேர்ந்து இருக்குமா?

பதில் 1: ஏஞ்சல் வேண்டாம் அண்ணே, வளர்ந்ததும் நியானை விழுங்கிவிடும், என் தொட்டியில் எட்டு விட்டு மூன்றுதான் மிச்சம். கோல்டு ஃபிஷ் குளிர்ந்த தண்ணீர் மீன், கழிவும் அதிகம்.

பதில் 2: அந்தத் தண்ணீருக்கு கப்பி, மோலி, பிளாட்டிதான் சரி, ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண் என்று விடுங்கள். நியானுக்கு உப்பு குறைந்த, மென்மையான தண்ணீர் வேண்டும். அப்புறம், மீன் விடுவதற்கு முன் வெறும் தொட்டியில் தினமும் ஒரு சிட்டிகை தீனி போட்டு ஃபில்டரை ஆறு வாரமாவது ஓட்டுங்கள், தீனியும் கழிவும் அழுகி வரும் அம்மோனியா என்ற நச்சைத் தின்னும் பாக்டீரியா வளரட்டும்.

கேட்டவர்: ஆறு வாரமா! அப்பத்தா இப்போதே "வெறும் தண்ணிக்கா தீனி போடுறே?" என்கிறார்.