திரவப் படிக சிமுலேஷன்: கணக்கு ஒன்று, கண்ணாடி ஒன்று

பாயான் லெப்பாஸ்காரர்:
பினாங்கில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை. 10 மைக்ரான் இடைவெளி விட்ட இரண்டு கண்ணாடிக்கு நடுவே 5சிபி என்ற திரவப் படிகம் (திரவம்போல் ஓடினாலும் மூலக்கூறுகள் ஒரே திசையில் வரிசையாக நிற்கும் பொருள்). இந்த அடுக்கைத்தான் செல் என்கிறோம். முன்னும் பின்னும் குறுக்குநெடுக்காகப் போலரைசர் (ஒரே தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் விடும் தகடு), ஹீலியம்-நியான் லேசரின் சிவப்பு ஒளி. வோல்டேஜை ஏற்ற ஏற்ற மூலக்கூறுகள் நிமிரும், மறுபக்கம் வரும் வெளிச்சம் ஏறி ஏறி இறங்கும். சிமுலேஷன் மூன்று மேடு காட்டியது. நேரில் அளந்தால் இரண்டுதான்.

முனைவர் பட்ட மாணவி முதலில் நிரலைச் சந்தேகப்பட்டார். புள்ளிகளை நெருக்கிப் போட்டும் ஒன்றும் மாறவில்லை. வேடிக்கை என்னவென்றால், மூலக்கூறு அசையத் தொடங்கும் வோல்டேஜ் மட்டும் கணக்கோடு ஏறக்குறைய ஒத்துப்போனது.

கூடத்தில் ஏர்கோன் பழுது. செல்லை ஒட்டித் தெர்மோகப்புள் என்ற வெப்ப உணரியை வைத்தால் 33 டிகிரி! 5சிபி 35 டிகிரியிலேயே ஒழுங்கு கலைந்து வெறும் திரவமாகிவிடும். கணக்கில் போட்ட அளவுகளோ 25 டிகிரிக்கானவை. சூட்டில் ஒழுங்கு குறைந்தால் இரட்டை ஒளிவிலகலும் (ஒளி அதிரும் திசையைப் பொறுத்து ஒளிவிலகல் எண் மாறும் அளவு) ஏறக்குறைய அதே விகிதத்தில் குறையும். 25 டிகிரியில் அது சுமார் 0.18, அதாவது செல்லைக் கடப்பதற்குள் ஒளியின் ஓர் அதிர்வு மற்றதைவிட 2.8 அலை பின்தங்கும். வோல்டேஜ் ஏற அது பூஜ்யத்தை நோக்கி இறங்கும்போது இரண்டரை, ஒன்றரை, அரை அலையில் ஒவ்வொரு மேடு, ஆக மூன்று. 33இல் இரண்டரைக்குக் கீழே போய்விடும், ஒரு மேடு காலி. தொடக்க வோல்டேஜ் மட்டும் தப்பியதற்குக் காரணம், மீள்மாறிலியும் (வரிசை வளையாமல் எதிர்க்கும் விறைப்பு) மின்புலத்துக்குப் பணியும் குணமும் சேர்ந்தே குறைவதுதான். ஒன்றை மற்றதால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் கொஞ்சம்தான் நகரும்.

வெப்பமேடையில் 25க்கு இறக்கியதும் மூன்றாவது மேடு வந்துவிட்டது. ஏர்கோன்தான் இன்னும் வரவில்லை.

பட்டர்வொர்த் அக்கா:
தம்பி, நான் கடை வைத்திருப்பவள், இந்தப் படிப்பெல்லாம் தெரியாது. வெயிலில் நின்ற காரின் டேஷ்போர்டில் கால்குலேட்டரை விட்டுவிட்டேன், திரை முழுக்கக் கறுத்துப் போனது. நிழலில் வைத்ததும் எண்கள் திரும்பின. அதுவும் இதே கதையா?

பாயான் லெப்பாஸ்காரர்:
அதேதான் அக்கா. அதில் ஊற்றுவது பல பொருள் கலந்த கலவை, 5சிபியைவிட நிறையச் சூடு தாங்கும். அந்த வரம்பும் தாண்டினால் ஒளியின் அதிர்வுத் தளத்தைத் திருப்ப ஆள் இல்லை, குறுக்கே நிற்கும் போலரைசர் விடாது.

கேஎல் நிரலாளர்:
அண்ணே, உங்களுக்குச் சூடு, எனக்குக் கூட்டல் கழித்தல் குறி. இந்த மூலக்கூறு வரிசைக்குத் தலை வால் கிடையாது, ஒரு திசையும் அதன் எதிர்த்திசையும் ஒன்றே. நிரலுக்கு அது தெரியாதே. அடுத்தடுத்த புள்ளிகளில் ஒன்று மேலே, ஒன்று கீழே என்று பதிந்துவிட்டால் சராசரி பூஜ்யம். இல்லாத இடத்தில் வரிசை முறிந்ததுபோல் ஒரு பழுதுக்கோடு முளைக்கும். பிக்சல் ஓரத்தில் அப்படி ஒன்று வந்து உயிரை வாங்கியது.

அப்புறம் கியூ-டென்சருக்கு (வரிசையின் திசையையும் ஒழுங்கையும் சேர்த்துச் சொல்லும் எண் கட்டம்) மாறினோம். திசையைத் தன்னோடே பெருக்கி வைப்பதால் குறி அடிபட்டுப் போகும், மெய்யான கோடு மட்டும் மிஞ்சும். ஆனால் புள்ளிக்கு ஐந்து எண், ஓட விடிந்துவிடும். உங்கள் செல் மாதிரி கண்ணாடிக்குக் கண்ணாடி மட்டும் மாறுகிற கணக்குக்கு இதெல்லாம் வேண்டாம், கோணத்தை வைத்துப் போட்டாலே போதும்.