மசராட்டி 3500 ஜிடிஐ, 1962: சூடானால் ஸ்ராட் ஆகுதில்லை, பழைய பதிவும் பாதியில் அறுந்து நிற்கிறது. உதவி தேவை

ரெஜ்ஜோ_கராஜ்:
எல்லாருக்கும் வணக்கம். இத்தாலியில் ரெஜ்ஜோ எமிலியாவில் பழைய கார் திருத்தும் சின்னக் கராஜ் ஒன்றில் வேலை செய்கிறேன். 1962 மசராட்டி 3500 ஜிடிஐ ஒன்று வந்திருக்கிறது. வேறொரு பட்டறையில் நாலு வருஷம் கிடந்து முழுசாகப் புதுப்பிக்கப்பட்ட வண்டி. கண்ணூறு படும் போல இருக்கிறது: மிலானோ டூரிங் நிறுவனம் கட்டின அலுமினிய உடம்பு, பொர்ரானி கம்பிச் சில்லு, சாம்பல் நிறம்.

பிரச்சினை இரண்டு. குளிரில் ஒரே திருகலில் பிடிக்கிறது. நாற்பது நிமிஷம் ஓடி, கோப்பி குடிக்கப் பத்து நிமிஷம் நிறுத்தினால் சரி, கதை முடிந்தது. ஸ்ராட்டர் சுற்றும், என்ஜின் இரண்டு மூன்று சிலிண்டரில் இருமிவிட்டு நின்றுவிடும். பின்னாலுள்ள பெற்றோல் பம்ப் வழமையான முனகலை விட்டுக் கீச்சென்று கத்துகிறது. அரை மணி ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காதது போலப் பிடிக்கிறது. சிலிண்டருக்கு இரண்டாக 12 பிளக்கும் புதிது, தீப்பொறியில் குறையில்லை.

மற்றது, உரிமையாளர் இதை விற்கப் போகிறார். வாங்க வருபவர்களின் முதல் கேள்வி: இது பிறவியிலேயே பெற்றோலை அழுத்தத்தில் பீச்சும் இன்ஜெக்‌ஷன் காரா, கார்புரேற்றர் காரைப் பிறகு மாற்றியதா? கோப்பில் 1970களின் படம் ஒன்று இருக்கிறது. பொனெற் திறந்திருக்கிறது, உள்ளே மூன்று வெபர் கார்புரேற்றர்! எண்பலகை சுவிஸ். இத்தாலியப் பதிவு 1996இல்தான் தொடங்குகிறது.

கோவை_பத்மினி:
தம்பி, நான் பத்மினியும் பழைய ஃபியட் 1100-ம் பார்க்கிறவன். மசராட்டியைப் படத்தில்தான் பார்த்திருக்கேன். ஆனா நீங்க சொல்ற நோய் எங்க ஊர் நோய். மே மாசம் பொள்ளாச்சி ரோட்டில் வண்டி நின்னா, பம்புக்கு ஈரத்துணியைச் சுத்தி ஒரு டீ குடிச்சுட்டு வந்து ஸ்டார்ட் பண்ணுவோம். பெட்ரோல் உள்ளேயே ஆவியாகிடுது, அவ்வளவுதான். முதல்ல அந்தப் பரிசோதனையைச் செய்து பாருங்க, செலவு ஒரு துண்டு.

இன்னொண்ணு, தப்பா நினைக்காதீங்க. வெபரையே திரும்ப மாட்டிட்டா தலைவலி போகுமே?

லெஸ்டர்_டிஆர்6:
வெபரைக் கையில் எடுக்க வேண்டாம், அண்ணா. 3500 ஜிடி 1957இல் வந்தபோது வெபரோடுதான் வந்தது, 220 குதிரைசக்தி. 1961இல் லூக்காஸ் இன்ஜெக்‌ஷன் போட்டு ஜிடிஐ ஆக்கினார்கள், 235. பெற்றோல் இன்ஜெக்‌ஷனோடு விற்பனைக்கு வந்த முதல் இத்தாலியக் கார் இதுதான் என்பார்கள். இதை ரியூன் பண்ணத் தெரிந்தவர்கள் அந்தக் காலத்தில் குறைவு. அதனால் பலர் கழற்றி எறிந்துவிட்டு வெபர் பூட்டினார்கள். இன்றைக்கு வாங்குபவர்கள் எறிந்ததைத்தான் தேடுகிறார்கள்.

தம்பி, என்னிடம் இருப்பது டிரையம்ப் டிஆர்6. அதிலும் லூக்காஸ் இன்ஜெக்‌ஷன்தான், வயதில் உங்களுடையதற்குத் தம்பி. பம்ப் ஏறக்குறைய 7 பார் அழுத்தத்தில் தள்ளும். என்ஜினுக்குத் தேவைப்படுவது அதில் கொஞ்சம். மிச்சம் அழுத்த வால்வு வழியாகத் திரும்பி டேங்குக்குப் போகவேண்டும், போய் அங்கே ஆறவேண்டும். ஆறாத பெற்றோல் பம்புக்குள் குமிழியிடும், அழுத்தம் விழும், கீச்சிடும். ஒன்று சொல்லுங்கள்: டேங்க் நிறைந்திருக்கும்போதும் இப்படிச் செய்கிறதா?

ரெஜ்ஜோ_கராஜ்:
இன்று பார்த்தேன். சூடாக நின்றபோது குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துவாயைப் பம்பில் சுற்றினேன். ஐந்து நிமிஷத்தில் பிடித்தது. முதலாளி வாயைத் திறந்தபடி பார்த்தார். கோவை அண்ணனுக்கு நன்றி. டேங்க் நிறைய இருந்தால் நோய் இல்லை. அரைக்குக் கீழே போனால்தான்.

லெஸ்டர்_டிஆர்6:
அப்ப திரும்பி வரும் குழாயைத் தேடுங்கள். வால்விலிருந்து விரலை வைத்துப் பிடித்துக்கொண்டே போங்கள், அது எங்கே போய் முடிகிறதென்று பார்க்க. வரைபடத்தை நம்பாதீர்கள், விரலை நம்புங்கள்.

சூரிச்_மயூரன்:
பதிவு விஷயத்துக்கு வருகிறேன். படத்திலுள்ள சுவிஸ் பலகையின் பின்னால் அலையாதீர்கள். எங்கள் நாட்டில் எண்பலகை காருக்கு இல்லை, ஆளுக்கு. அவர் காரை விற்றால் பலகையைக் கழற்றி அடுத்த காரில் பூட்டுவார்.

இத்தாலியில் நேர்மாறு, அதுதான் உங்களுக்கு வசதி. 1927இலிருந்து பிஆர்ஏ என்ற பொதுப் பதிவேடு இருக்கிறது, இத்தாலிய மோட்டார் கழகமான ஏசிஐ நடத்துகிறது, யாரும் கேட்டுப் பார்க்கலாம். கேட்க வேண்டியது எஸ்ட்ராத்தோ க்ரோனோலோஜிகோ: முதல் நாளிலிருந்து யார் யார் கைக்குப் போனது என்று வரிசையாக வரும். ஆனால் இப்போதைய எண்ணைக் கொடுத்தால் 1996க்குப் பிந்தியதுதான் வரும். வெளிநாடு போனபோது பழைய கோப்பு மூடப்பட்டிருக்கும், திரும்பி வந்தபோது புது எண். அந்தக் கால இத்தாலியக் கறுப்பு எண்பலகையின் எண் வேண்டும். பழைய ரசீது, போட்டோவின் பின்பக்கம், எதையும் விடாதீர்கள்.

ரெஜ்ஜோ_கராஜ்:
இரண்டு வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

விரலை வைத்துப் பிடித்துக்கொண்டு போனேன். வால்விலிருந்து திரும்பும் குழாய் டேங்குக்குப் போகவே இல்லை. பம்பின் உறிஞ்சும் குழாயிலேயே ஒரு டி-இணைப்புப் போட்டுச் செருகியிருக்கிறார்கள். அதே அரை லிட்டர் பெற்றோல் சுற்றிச் சுற்றி வந்து கொதிக்கிறது.

ஏன் இப்படிச் செய்தார்கள் என்று டேங்கை இறக்கினோம். அடியில் தார் போலப் பூச்சு. சுரண்டினால் மேல் மூலையில் விரல் தடிப்பில் ஒரு குழாய்த்துண்டு, பித்தளை வைத்து அடைத்துப் பற்றவைத்திருக்கிறது. பழைய வேலை, பச்சை பிடித்திருந்தது. வெபர் பூட்டியவர் தேவையில்லையென்று அடைத்திருக்கிறார். புதுப்பித்தவர்கள் இன்ஜெக்‌ஷனைத் திரும்பப் பூட்டும்போது அடைப்பைக் கவனிக்கவில்லை.

லெஸ்டர்_டிஆர்6:
பாருங்கள், ஒரு கல்லில் இரண்டு மாங்காய். கார்புரேற்றரோடு பிறந்த காருக்கு அந்தத் திரும்பும் வாய் எதற்கு? ஆனால் டேங்க் வேறு காரிலிருந்தும் வந்திருக்கலாம், அதை மட்டும் காட்டி விற்கவேண்டாம். மசராட்டியின் பழைய கார்ப் பிரிவான மசராட்டி கிளாசிக்கேயிடம் தொழிற்சாலைப் பதிவைக் கேளுங்கள். என்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும் ஒன்றாக இருக்கிறதா?

ரெஜ்ஜோ_கராஜ்:
இருக்கிறது, ஏஎம்101 என்று தொடங்கும் அதே எண். தொழிற்சாலைக்கு எழுதியாயிற்று.

அடைப்பை வெட்டி, குழாயை டேங்குக்கே கொண்டுபோனோம். நேற்று 31 பாகை வெயிலில், கால் டேங்கோடு பார்மா வரை போய் வந்தேன். மூன்று இடத்தில் நிறுத்தினேன், மூன்றிலும் ஒரே திருகலில் பிடித்தது. பம்ப் முனகுகிறதே தவிரக் கத்தவில்லை.

மயூரன் அண்ணை, பலகை எண்ணும் கிடைத்தது! படத்தில் இல்லை. கதவுத் துணியைக் கழற்றியபோது உள்ளே மடித்துச் செருகிய ரயர்க் கடை ரசீது, 1964, மிலானோ எண். திங்கட்கிழமை பிஆர்ஏக்குப் போகிறேன்.

கோவை_பத்மினி:
அந்தத் துண்டைத் துவைச்சுத் திருப்பிக் கொடுத்துடுங்க தம்பி.