லால்பாக் பாறைமேல் ஒரு விதைச் சந்தை

அல்சூர் அம்மா:

போன பிப்ரவரியில் மகனின் மூன்றாம் வகுப்பைப் பெங்களூரு லால்பாக் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார்கள். துணைக்கு நாலு பெற்றோர் வேண்டும் என்றதும் நானும் கிளம்பினேன்.

பஸ்ஸிலேயே மிஸ் கறாராகச் சொல்லிவிட்டார். தோட்டத்தில் எதையும் பறிக்கக் கூடாது. கீழே கிடப்பதைக் கையில் எடுத்துப் பார்க்கலாம், பார்த்ததும் அங்கேயே போட்டுவிட வேண்டும். பிள்ளைகள் தங்களுக்குள் நடத்தும் விதைச் சந்தையில் பண்டமாற்றுக்கு அவரவர் தெருவில் பொறுக்கிய ஐந்து பொருள் மட்டும். கொடுக்கும்போது அந்தப் பொருளைப் பற்றி மூன்று விஷயம் சொல்ல வேண்டும். "அழகா இருக்கு" என்பது கணக்கில் சேராது.

முதலில் பெரிய இலவ மரத்தடியில் நிறுத்தினார்கள். பலகைபோல் எழும்பி நிற்கும் அதன் வேர்களுக்கு நடுவே ஆறு பிள்ளைகள் ஒளிந்துகொண்டார்கள், தலைகூடத் தெரியவில்லை. இலவு காத்த கிளி கதையை நான் சொல்ல, "காய் வெடிக்கிற வரைக்கும் கிளிக்குத் தெரியாதா ஆன்ட்டி?" என்று ஒருத்தி கிளிக்காக வருத்தப்பட்டாள்.

சந்தை கூடியது கெம்பேகௌடா கோபுரம் நிற்கும் பாறைமேல். அந்தப் பாறைக்கு வயது ஏறக்குறைய 300 கோடி ஆண்டு. இருபது வருஷமாக அதன்மேல் உட்கார்ந்து கடலை தின்றிருக்கிறேன், கறுப்பும் வெளுப்புமாக வரிவரியாக ஓடுவதை அன்றைக்குத்தான் குனிந்து பார்த்தேன்.

என் மகனிடம் இருந்தது மகோகனி விதை. ஒரு முனையில் விதை தடித்திருக்கும், மீதியெல்லாம் சருகுபோல மெல்லிய பழுப்புச் சிறகு. மேலே வீசினால் தடித்த முனை கீழாகத் திரும்பி, சுற்றிக்கொண்டே இறங்கும். வாங்க வந்தவள் லேசில் விடவில்லை. "சுத்தாம நேரா விழுந்தா என்னவாம்?" அவன் ரெண்டு தரம் வீசிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "நேரா விழுந்தா அம்மா மரத்துக்கு அடியிலயே விழும். அங்க வெயில் வராது." யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. அந்த ஒரு விதைக்கு நாலு சிவப்பு மஞ்சாடி விதை கிடைத்தது.

அடுத்து நடந்ததற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். நாகர்கோவில் பாட்டி வீட்டிலிருந்து மஞ்சாடி கொண்டுவந்த பிள்ளையின் டப்பாவில் குன்றிமணியும் கலந்திருந்தது. நானே சின்ன வயதில் குன்றிமணி போட்டுப் பல்லாங்குழி ஆடியவள், அதனால் எனக்கு எதுவும் உறைக்கவில்லை. ஒரு பெண் குழந்தை கெட்டியா என்று பார்க்க ஒன்றைக் கடவாய்ப் பல்லுக்குக் கொண்டுபோனாள். எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. கையைப் பிடித்து இழுத்து, எல்லாவற்றையும் எண்ணி வாங்கிப் பையில் முடிந்துகொண்டேன். முழுசாக விழுங்கினால் கெட்டித் தோல் காப்பாற்றக்கூடும். கடித்து உடைத்தால் உள்ளே இருப்பது கொடிய விஷம். தயவுசெய்து கிளம்புவதற்கு முன்பே பிள்ளைகளின் டப்பாவைத் திறந்து பாருங்கள்.

ஆஸ்டின் டவுன் டீச்சர் (ஓய்வு):

நல்ல வேளை, பார்த்தீர்கள். நான் பிள்ளைகளுக்குச் சொல்லும் அடையாளம் இதுதான்: கறுப்புக் கண் இருந்தால் குன்றிமணி, தொடாதே. முழுக்கச் சிவப்பாகக் கொஞ்சம் பெரிதாகத் தட்டையாக இருந்தால் மஞ்சாடி. அதையும் வாயில் போட விடமாட்டேன்.

என் அப்பா தங்க வேலை செய்தவர். ரெண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி என்பது அவர்கள் எடைக் கணக்கு. வகுப்பில் அப்பாவின் சின்னத் தராசைக் கொண்டுபோய் வைப்பேன். ஏறக்குறைய நாலு மஞ்சாடி ஒரு கிராம் வரும். ஆனால் எல்லா விதையும் ஒரே எடை இல்லை என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடித்து, "அப்போ கடைக்காரர் எந்த மஞ்சாடியை வெச்சு நிறுத்தார் மிஸ்?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி வரட்டும் என்றுதான் நான் வாய் திறக்காமல் நிற்பேன்.

சிவாஜிநகர் அப்பா:

என் மகள் இதே மாதிரிப் பண்டமாற்றுக்குக் கப்பன் பார்க் போனாள். வகுப்பில் ஒரு பையன் வெறுங்கையோடு வந்துவிட்டான், வீட்டில் மறந்துவிட்டார்களாம். தூங்குமூஞ்சி மரத்துப் பட்டைமேல் தாளை வைத்து க்ரேயானால் தேய்த்து, அந்தச் சொரசொரப்பைப் படமாக எடுத்தான். மூன்று விஷயம் கேட்டதற்கு, எறும்பு எந்தப் பிளவு வழியாக ஏறுகிறது என்றுகூட விரலால் காட்டினானாம். என் மகள் தன்னிடம் இருந்த ஐந்தையும் கொடுத்து அதை வாங்கி வந்திருக்கிறாள். எங்கள் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது.

டீச்சரம்மா, அந்த மாதிரித் தராசு இப்போது அவென்யூ ரோட்டில் கிடைக்குமா?